பழவேற்காட்டில் ஐந்து நாள்: சீட்டில் பெயர் உள்ளவர்களும் இல்லாதவர்களும்

முதல் நாள்

பொன்னேரியில் புறநகர் ரயிலை விட்டு இறங்கிப் பழவேற்காட்டுப் பேருந்தில் ஏறி உட்கார்ந்ததும், எதற்காக வருகிறீர்கள் என்று பக்கத்து இருக்கைக்காரர் கேட்டார். பூநாரை பார்க்கவா, டச்சுக்காரர் கல்லறை பார்க்கவா என்று இரண்டு விடைகளையும் அவரே எடுத்துக் கொடுத்தார். பாடு பார்க்க வந்திருக்கிறேன் என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, "அது பாக்குற பொருளா சார்? ராத்திரியில நடக்குற வேலையாச்சே" என்றார்.

இந்தக் கரையில் பாடு என்ற சொல் பல வேலைகளைச் செய்கிறது. அன்றைக்கு வலையில் விழுந்தது பாடு, "இன்னிக்குப் பாடு எப்படி?" என்றுதான் கரையில் நிற்பவர் கேட்பார். இன்னார் இன்ன நாளில் இன்ன இடத்தில்தான் வலை கட்ட வேண்டும் என்று ஊர் வகுத்த முறைக்கும் பாடு என்றே பெயர். ஏரியின் தென்கோடியில், கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதா குப்பம் ஆகிய ஊர்களைச் சுற்றி வளர்ந்த இந்த முறையை, மீன்வளத்தை மக்களே பேணிக் காத்ததற்குச் சான்றாக ஆய்வாளர்கள் காட்டுவதுண்டு. அதைப் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன். படித்ததில் ஒரு பாதி மட்டும் எனக்குச் செரிக்கவில்லை. அது எந்தப் பாதி என்பதை ஊரைப் பார்க்கும் முன் எழுதுவது நியாயமாகாது.

ஒடிசாவின் சில்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி இது. பெரும்பரப்பு ஆந்திரத்தில் கிடக்க, தெற்கு ஓரம் மட்டும் திருவள்ளூர் மாவட்டத்துக்குள் வருகிறது. கிழக்கே ஸ்ரீஹரிக்கோட்டாத் தீவு கடலை மறைத்து நிற்கிறது. மழைக்காலத்தில் ஆரணியாறும் காளங்கியும் நன்னீரைக் கொட்டுகின்றன. முகத்துவாரம் வழியாகக் கடல்நீர் ஏறி இறங்குகிறது. இந்த இரு நீரும் கலப்பதில்தான் ஊரின் சோறு இருக்கிறது. வெள்ளை இறால் கடலில் முட்டையிடும். கண்ணுக்கு எளிதில் தெரியாத அதன் குஞ்சுகள், கடல்நீர் ஏறும் ஏத்தத்தோடு ஏரிக்குள் நுழைந்து, சேறும் புல்லும் தரும் இரையில் சில மாதங்கள் வளர்ந்து, நீர் இறங்கும் வத்தத்தோடு மறுபடியும் கடலுக்குத் திரும்பும். அந்தத் திரும்பும் வழியில் வலை கட்டுவதே பாடு முறையில் இடம் பெற்றவரின் தொழில்.

1613இல் எழுந்த டச்சுக் கோட்டையைப் பற்றியும், எலும்புக்கூடு செதுக்கிய கல்லறை வாசலைப் பற்றியும் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் மாலையில் அந்த வழியாக நடந்து போனேன் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இரண்டாம் நாள்

அமாவாசைக்கு முந்தைய இரவு என்பதால் நீரின் இழுப்பு வலுவாக இருக்கும் என்றார், நான் தங்கியிருக்கும் வீட்டு அண்ணன். அன்று அவருடைய முறை. அவருடைய குழுவில் இருந்த மற்றவர்களோடு என்னையும் படகில் ஏற்றிக்கொண்டார். ஓரமாக உட்கார வேண்டும், விளக்கைத் தொடக் கூடாது, கழியைப் பிடிக்கிறேன் என்று உதவிக்கு வரக் கூடாது என்பவை எனக்கு விதித்த மூன்று கட்டுப்பாடுகள்.

நீர் ஏறி நின்று, திரும்பத் தொடங்கும் நேரத்துக்கு முன்பே இடத்துக்குப் போய்விட்டோம். இடுப்பளவு நீரில் இறங்கி, சேற்றில் கழிகளை ஊன்றி, வத்தம் இழுக்கும் திசைக்குக் குறுக்கே வலையை விரித்துக் கட்டினார்கள். இதைச் சுத்து வலை என்கிறார்கள். கட்டி முடித்த பிறகு செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. நீர் வேலை செய்யும், மனிதர் காத்திருக்க வேண்டும். கடல் இரைச்சல் கிழக்கே கேட்டுக்கொண்டிருந்தது. கண்ணுக்கு எட்டிய தூரத்தில் வேறு சில விளக்குகள் தெரிந்தன, ஆனால் எங்கள் வலைக்கும் அவற்றுக்கும் இடையே நல்ல இடைவெளி இருந்தது. அந்த இடைவெளியில் யாரும் வந்து கட்ட மாட்டார்களா என்று கேட்டேன்.

"எதுக்கு வரணும்? அவனுக்கு அவன் நாளு இருக்குது. இன்னிக்கு இங்க வந்து கட்டிட்டு, நாளைக்கு ஊர்ல எந்த மூஞ்ச வச்சிட்டு நிப்பான்?"

நான் இதற்கு முன் வேறு கரைகளில் மீன்பிடிப்பைப் பார்த்திருக்கிறேன். துறைமுக வாயில் திறந்ததும் இழுவைப் படகுகள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு பாய்வதையும், முந்துவதற்காகவே இன்னும் பெரிய இயந்திரம் வாங்கிக் கடனில் விழுவதையும், கடனை அடைக்க இன்னும் சின்னக் கண்ணி வலையால் கடலடியைச் சுரண்டுவதையும் பார்த்திருக்கிறேன். மீன் யாருக்கும் சொந்தமில்லை, பிடித்தவனுக்கே சொந்தம் என்ற நிலையில், இன்று விட்டுவைப்பவன் நாளைக்கு ஏமாந்தவன் ஆகிறான். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளைக் கரையில் நிறுத்திவைக்கும் அரசின் தடைக்காலம் நல்ல ஏற்பாடுதான்; ஆனால் தடை நீங்கும் நள்ளிரவில் தொடங்கும் ஓட்டப் பந்தயத்தை அது ஒன்றும் செய்வதில்லை. இங்கே, அந்தச் சேற்று நீரின் நடுவே, அவசரமே இல்லாத மீன்பிடிப்பை முதல் தடவையாகப் பார்த்தேன். முறை உறுதியாக இருப்பதால் முந்த வேண்டிய தேவை இல்லை. முகத்துவாரத்தை ஒட்டிய வழியில் ஒரே இரவில் இத்தனை வலைதான் நிற்கலாம் என்ற வரம்பு இருப்பதால், வலைக்குத் தப்பிய இறாலுக்குக் கடலுக்குப் போக வழியும் கிடைக்கிறது. இறாலைக் காப்பாற்றுவதற்காக இதைச் செய்தோம் என்று இங்கே யாரும் சொல்லவில்லை. சண்டை வராமல் இருக்க முன்னோர் செய்தது என்கிறார்கள். சண்டையைத் தவிர்க்கப் போட்ட வரம்பில் இறாலும் பிழைத்துக்கொண்டது என்று எனக்குத் தோன்றுகிறது.

விடிவதற்கு வெகுநேரம் முன்பே வலையைத் தூக்கினார்கள். வெள்ளை இறால் ஓரளவு. அதோடு கிழங்கான், ஊடகம், கொஞ்சம் மடவை. உள்ளங்கை அளவுகூட இல்லாத ஒரு நண்டைக் குழுவில் இளையவர் எடுத்து நீரில் போட்டார். இது ஊர்க் கட்டுப்பாடா என்று ஆர்வமாகக் கேட்டேன். "வித்தா என்னாண்ணா வரும்?" என்றார். நாட்குறிப்பில் அழகான ஒன்றை எழுத ஆசைப்பட்டவனுக்கு அது நல்ல பாடம்.

மூன்றாம் நாள்

பகல் முழுவதும் பேச்சிலேயே கழிந்தது. வலை காய்ந்துகொண்டிருந்த இடத்தில், நிழலுக்காக ஒதுங்கிய பெரியவர் ஒருவரிடம் சீட்டு முறையைப் பற்றிக் கேட்டு, நான்கு தேநீர் குடிக்கும் அளவுக்கு உட்கார்ந்திருந்தேன்.

ஊரின் கணக்கு தலைக்கட்டில் தொடங்குகிறது. மணமான ஆண், ஊருக்கு வரி செலுத்துகிறவர், ஊர்க் கூட்டத்தில் உட்காருகிறவர்: அவர்தான் ஒரு தலைக்கட்டு. ஏரியில் வலை கட்டும் இடங்கள் எல்லாம் ஒன்றுபோல் இருப்பதில்லை. முகத்துவாரத்துக்கு நெருங்கிய இடத்தில் நல்ல பாடு விழும், தள்ளிப்போகப் போகக் குறையும். ஆகவே யாருக்கு எந்த இடம் முதலில் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்கிறார்கள். பிறகு இடங்கள் வரிசைப்படி சுற்றி வரும். இன்று நல்ல இடம் வாய்த்தவர் நாளை தள்ளிப் போக வேண்டும். இன்று ஒன்றும் கிடைக்காதவருக்கு அவருடைய நாள் வந்தே தீரும். பணக்காரர் நல்ல இடத்தை விலைக்கு வாங்கிவிட முடியாது, பலசாலி பிடித்துக்கொள்ளவும் முடியாது. மீறினால் தண்டம் உண்டு. தண்டத்தைவிட, ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டியதே பெரிய தண்டனை என்றார் பெரியவர்.

இதே சொல் கொச்சிக் காயலில் ஊன்றுவலை கட்டுவோரிடமும் வழங்குகிறது. இலங்கையில் நீர்கொழும்புக் களப்பில் கட்டுதெல் என்ற ஊன்றுவலை கட்டுவோரும் சங்கம் வைத்துச் சீட்டுப் போட்டு இடம் பிரித்துக்கொள்கிறார்கள். பொதுவளத்தை மக்கள் தாங்களே ஆள முடியும் என்று காட்டியதற்காக 2009இல் அமெரிக்க அறிஞர் எலினோர் ஆஸ்ட்ரம் பொருளியல் நோபல் பரிசு பெற்றார். நெடுநாள் நிலைத்த பொதுவள ஆட்சிகளில் அவர் கண்ட பொதுத் தன்மைகளில் முதலாவது, எல்லை தெளிவாக இருப்பது: வளத்தின் எல்லை எது, அதைப் பயன்படுத்த உரிமையுள்ளவர் யார் யார் என்பது ஐயமின்றித் தெரிந்திருக்க வேண்டும். பழவேற்காட்டுப் பாடு முறையில் அந்தத் தெளிவுக்குக் குறைவே இல்லை. ஊருக்கு வரும்போது எனக்குச் செரிக்காமல் இருந்த பாதியும் இதுதான்.

ஏனென்றால் அந்த எல்லை சாதியின் எல்லை. பாடு முறையில் பெயர் வர வேண்டுமானால் பட்டினவர் என்ற மீனவச் சாதியில் பிறந்திருக்க வேண்டும், ஆணாக இருக்க வேண்டும், அந்த ஊர்த் தலைக்கட்டாக இருக்க வேண்டும். ஏரியைச் சுற்றி வேறு பலரும் மீனை நம்பி வாழ்கிறார்கள்: தாழ்த்தப்பட்ட மக்களின் ஊர்கள் இருக்கின்றன, முஸ்லிம் குடும்பங்கள் இருக்கின்றன, இருளர் குடியிருப்புகள் இருக்கின்றன. இறாலுக்கு ஏற்றுமதி விலை வந்து அதைத் தங்கம்போல் பார்க்கத் தொடங்கிய பிறகு, நாங்களும் வலை கட்டுவோம் என்று அவர்களில் பலர் கேட்டார்கள். மோதல்கள் நடந்தன, அதிகாரிகள் முன்னிலையில் பேச்சும் நடந்தது.

பெரியவரிடம் இதைக் கேட்கத் தயங்கினேன், அவரே எடுத்தார். கடலில் இழுவைப் படகுகள் பெருகிப் பாடு குறைந்த பிறகு ஏரியை விட்டால் தங்களுக்கு வேறு கதியில்லை என்றும், தங்களுக்கு ஒரு காணி நிலமும் இல்லை, மற்றவர்களுக்காவது கழனி வேலை உண்டு என்றும் சொன்னார். அவர் சொன்னதில் பொய்யில்லை. "எல்லாரையும் சேத்தா எல்லாருக்கும் ஒண்ணுமில்லாம போயிடும் தம்பி" என்றார். ஆள் கூடக் கூட வலை கூடும், வலை கூடினால் இறால் குறையும் என்பதை மீன்வள அறிவியலும் மறுக்காது. ஆனால் அந்தக் கணக்கில் வெளியே நிற்க வேண்டியவர் யார் என்பதை அறிவியல் சொல்லவில்லை. அதைப் பிறப்பு சொல்கிறது.

இரவு, அவர் வீட்டு அம்மா இறாலைத் தரம் பிரிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வியாபாரியிடம் பேரம் பேசுவது, சில்லறை மீனைக் கூடையில் தூக்கிப்போய் விற்பது, கடனுக்கு வட்டி கட்டுவது எல்லாம் அவர் பொறுப்பு. ஊர்க்கூட்டத்தில் பெண்களுக்கு இடமில்லை.

நான்காம் நாள்

காலையில் நீர் நன்றாக வற்றியிருந்தபோது ஏரியின் மேற்கு ஓரத்துக்குப் போனேன். இருளர் பெண்கள் ஏழெட்டுப் பேர் மார்பளவு நீரில் குனிந்து, இரு கைகளாலும் சேற்றைத் தடவிக்கொண்டே மெல்ல நகர்ந்தார்கள். பனையோலையில் முடைந்த பறியை ஒவ்வொருவரும் பல்லால் கவ்வியிருந்தார்கள். கையில் இறால் தட்டுப்பட்டதும் பறிக்குள் போட்டுவிட்டு மறுபடியும் குனிவார்கள். பறி வாயில் இருப்பதால் வேலை நேரத்தில் பேச்சே கிடையாது. மணிக்கணக்காகத் தலை மட்டும் நீருக்கு மேலே தெரிய, ஓசையின்றி நடக்கும் அந்த வேலையைக் கரையில் நின்று பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. அவர்கள் கரையேறும் வரை தள்ளிப் போய் உட்கார்ந்தேன்.

ஏரிக்குத் தீங்கு மிகக் குறைந்த தொழில் எது என்று தேடினால், இந்தக் கையால் பிடிக்கும் முறைக்குத்தான் முதலிடம் தர வேண்டும். கண்ணி அளவு என்ற பிரச்சினையே இல்லை, எண்ணெய் எரிவதில்லை, வேண்டாத மீன் செத்து ஒதுங்குவதில்லை. விரலுக்குத் தட்டுப்படும் இறால் மட்டுமே கரைக்கு வருகிறது. ஆனால் ஏரியில் மிகக் குறைந்த உரிமை உள்ளவர்களும் இவர்களே. மற்றவர் வலை கட்டாத, யாருக்கும் வேண்டாத ஓரங்களில் இவர்கள் நடமாடலாம். அதுவும் விரட்டப்படாத வரையில்.

கரையேறியவர்களில் மூத்தவர் விரல்களைக் காட்டினார். சிப்பி கிழித்த கோடுகள், கெளுத்தி முள் குத்தி ஆறிய தழும்புகள். வலை வாங்கக் கடன் கிடைத்தால் கட்டுவீர்களா என்று கேட்டேன்.

"வல குடுக்குறன்னு ஆளுங்க வராங்க சார். கட்ட எடம் யாரு குடுப்பாங்க?"

கால் கிலோவுக்குக் கொஞ்சம் கூடுதலாக இருந்த அவருடைய இறாலை நானே வாங்கிக்கொள்கிறேன் என்றேன். பொன்னேரிச் சந்தையில் என்ன விலையோ அதைத் தருவதாகவும் சொன்னேன். மறுத்துவிட்டார். மகள் பிரசவத்துக்காக ஒரு வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருக்கிறார். பிடிக்கிறதையெல்லாம் அவருக்கே, அவர் சொல்லும் விலைக்கே போட வேண்டும். "ஒங்களுக்குக் குடுத்தா கணக்குல கொறையும்" என்றபடி பறியை மூடினார். கணக்கு எவ்வளவு பாக்கி என்று அவருக்குத் தெரியவில்லை. நோட்டு வியாபாரியிடம் இருக்கிறது.

மத்தியானம் தங்குமிடத்துக்குத் திரும்பி, கையோடு கொண்டுவந்திருந்த அச்சுப் பிரதி ஒன்றை மீண்டும் எடுத்தேன். சிறு அளவு மீன்பிடித் தொழிலைப் பேணுவதற்காக ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு வகுத்து, 2014 ஜூனில் ரோமில் உறுப்பு நாடுகள் ஏற்றுக்கொண்ட தன்னார்வ வழிகாட்டு நெறிகள் அவை. சிறு மீனவர்களுக்கென்றே உலக நாடுகள் ஒப்புக்கொண்ட முதல் நெறிகளும் அவையே. அவை உருவாகப் பல ஆண்டுகள் உழைத்தவர்களில் ஒருவர், சென்னையிலிருந்து இயங்கும் மீன்தொழிலாளர் ஆதரவுப் பன்னாட்டுக் கூட்டமைப்பின் செயலாளராக இருந்த சந்திரிகா சர்மா. அதே ஆண்டு மார்ச்சில் காணாமல் போன மலேசிய விமானத்தில் அவரும் இருந்தார்; நெறிகள் நிறைவேறியதை அவர் பார்க்கவில்லை. அந்த ஆவணம் அவர் நினைவுக்கு உரித்தாக்கப்பட்டது.

பிரதியில் நான் முன்பே கோடிட்டிருந்த இரண்டு இடங்கள் இப்போது ஒன்றோடொன்று மோதுவதுபோல் தெரிந்தன. மீனவ சமூகங்கள் வழிவழியாக ஆண்டுவரும் நீருரிமையை மதிக்க வேண்டும் என்கிறது ஓரிடம். பெண்களையும் பழங்குடிகளையும் நலிந்தோரையும் ஒதுக்கக் கூடாது என்கிறது இன்னோரிடம். ரோமில் இரண்டையும் ஒப்புக்கொள்வது எளிது. பழவேற்காட்டில் அந்த வழிவழி உரிமைதான் இந்தப் பெண்மணியை ஓரத்துக்குத் தள்ளியிருக்கிறது. அதற்காக அரசு ஓர் ஆணையால் பாடு முறையைக் கலைத்து ஏரியை எல்லாருக்கும் திறந்துவிட்டால், பறி வைத்திருக்கும் இவருக்கு அதில் பங்கு கிடைக்கும் என்று நினைப்பதற்கும் எனக்குத் துணிவில்லை. பத்து வலையும் ஒரு படகும் வாங்க வசதி உள்ளவர் யாரோ, அவருக்குத்தான் கிடைக்கும்.

ஐந்தாம் நாள்

புறப்படும் முன் முகத்துவாரத்தைப் பார்த்துவர அண்ணனோடு படகில் போனேன். மழைநீர் வெளியேறிய வேகம் தணிந்துவிட்டதால் இப்போதே இருபுறமும் மணல் திட்டு நீளத் தொடங்கியிருக்கிறது. கோடையில் வாய் அடைபட்டுப்போன ஆண்டுகளில் ஊரே கூடி மணலை வெட்டித் திறந்திருக்கிறது. இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதியில் மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்கிறது. இடையில் கடலுக்குள் நீளும் எந்தக் கற்சுவரும் அந்த நடையைக் குலைத்துவிடும். எண்ணூரில் 2001இல் செயல்படத் தொடங்கிய துறைமுகமும், அதற்கு வடக்கே காட்டுப்பள்ளியில் பின்னர் வந்த துறைமுகமும் பழவேற்காட்டுக்குத் தெற்கேதான் இருக்கின்றன. கரை அரிப்பையும் முகத்துவாரம் மாறுவதையும் மீனவர்கள் அவற்றோடு சேர்த்தே பேசுகிறார்கள். போதாததற்கு, ஸ்ரீஹரிக்கோட்டாவிலிருந்து ராக்கெட் ஏவும் நாட்களில் கடலுக்குப் போகக் கூடாது என்ற அறிவிப்பு வரும். சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்ள முடியாத இழப்புகள் இவை. பாடு முறையில் உள்ளவரையும் இல்லாதவரையும் ஒன்றாகவே தாக்குகின்றன.

முகத்துவாரம் எப்போதும் திறந்திருக்க இருபுறமும் நேர்கல் சுவர் வேண்டும் என்பது இங்குள்ளவர்களின் நெடுநாள் கோரிக்கை. அதற்கான அரசுத் திட்டமும் வந்திருக்கிறது. வாய் நிலையாகத் திறந்தால் இறால் பெருகும் என்று எல்லாரும் நம்புகிறார்கள். சில்காவில் 2000இல் புதிய முகத்துவாரம் வெட்டியபோது அப்படித்தான் நடந்தது. சரிந்து கிடந்த மீன்பாடு சில ஆண்டுகளில் பல மடங்கு உயர்ந்தது. ஆனால் யார் பிடிப்பது என்ற தகராறு அங்கே ஓயவில்லை. வழிவழி மீனவர்களின் நீர்ப்பரப்பில் வசதி படைத்தவர்கள் இறாலுக்கு அடைப்புகள் கட்டி, அவற்றை அகற்ற நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. இங்கே சுவர் எழுவதற்கு முன்பே பங்கைப் பற்றிப் பேசிவிடுவது நல்லது என்று நினைக்கிறேன். இருப்பதைப் பங்கு போட யாருக்கும் மனம் வராது. இனி கூடுதலாக வரப்போவதில் இத்தனை இரவு இன்னாருக்கு என்று இப்போதே ஒதுக்குவதற்கு அவ்வளவு மனத்தடை இருக்காது.

அண்ணனிடம் இதைச் சொன்னேன். கழியை ஊன்றியபடியே கேட்டுக்கொண்டு வந்தார்.

"வரப்போறதுல குடுக்கலாம் தம்பி. வரட்டும் மொதல்ல. எனக்கே மாசத்துல எண்ணி அத்தனை நாளுதான் மொற வருது. இருக்குற நாள்ல எவனுக்கு எத்தனை நாளு விடுறது?"

வீட்டுக்கு வந்தும் அதையே பேசிக்கொண்டிருந்தோம். காய்ந்த இறாலைத் தாளில் மடித்துக் கட்டிக்கொண்டிருந்த அண்ணி, நிமிர்ந்து பார்க்காமல், "எனக்கு எந்த நாளு மொற?" என்று கேட்டார். அண்ணன் சிரித்தார். அண்ணி சிரிக்கவில்லை. பொட்டலத்தை என் கையில் வைத்து விலையைச் சொன்னார். பேருந்துக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில் நான் பேரம் பேச முயன்றும் ஒரு ரூபாய் குறைக்கவில்லை.